தண்ணீர்த் தட்டில் பன்னிரண்டு

காய்ப்புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதற்குத் தினமும் பசிக்கும். அதனால் புழுக்காரம்மாவுக்கும் பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மழை கொட்டினாலும் காய்ச்சல் அடித்தாலும் காலை ஆறரைக்கு ஆராய்ச்சி நிலையத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போய்விடுவாள். கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் எழுந்து பெண்ணைக் காணோமே என்று தேட, பெண் இங்கே நின்றுகொண்டு ஒரு பெரிய பாத்திரத்தில் புழுவுக்குக் கடலைமாவு கிண்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அன்றைக்கு ஆரம்பித்த புலம்பலை இன்னும் நிறுத்தவில்லை.

பதவிக்குப் பூச்சி வளர்ப்பாளர் என்று பெயர். வாட்ச்மேனிலிருந்து இயக்குநர் வரைக்கும் கூப்பிடுவது புழுக்காரம்மா என்றுதான். வேலை கிடைத்தபோது அவள் அப்பாவே நம்பவில்லை. "பூச்சியைக் கொல்லத்தான் சம்பளம் குடுப்பாங்க. வளர்க்கறதுக்கா குடுப்பாங்க?" என்று உத்தரவை இரண்டு தடவை வாங்கிப் படித்தார். விஷயம் என்னவென்றால், பூச்சி மருந்தைச் சோதித்துப் பார்க்கவும் பூச்சி வேண்டும். ஒரே வயது, ஒரே எடை, நோய்நொடி இல்லாத புழு, கேட்ட அன்றைக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும். வயலில் போய்ப் பிடித்து வந்தால் ஒன்று சின்னதாக இருக்கும், ஒன்று பெரியதாக இருக்கும், இன்னொன்று ஏற்கெனவே சாகக் கிடக்கும். மருந்தால் செத்ததா, தன் விதியால் செத்ததா என்று யார் சொல்வது?

அதனால் அவள் வளர்த்தாள். கடலைமாவு, ஈஸ்ட், வைட்டமின் தூள் எல்லாம் போட்டுக் களி கிண்டி, முப்பத்திரண்டு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி, குழிக்கு ஒரு புழுவாக விடுவாள். இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். கூட்டுக்குடித்தனம் ஒத்துவராத ஜென்மங்கள். புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி, அந்துப்பூச்சி மெல்லிய துணியில் முட்டையிட, அந்தத் துணியை மருந்துத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு சுற்றுக்கு ஒரு மாதமும் சில நாளும் ஆகும். இப்படி இருநூற்று எட்டு தலைமுறை. அதை அவள் வம்சம் என்றுதான் சொல்வாள். அந்துப்பூச்சியின் இறகுத் தூள் மூக்கில் ஏறி ஏறி வருடத்தில் பாதி நாள் அவளுக்கு இழுப்பு. டாக்டர் வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவள் டாக்டரை மாற்றிக்கொண்டாள்.

கோபம் அவளுக்கு எப்போதும் மூக்குக்கு மேலே. வெளிச்செருப்போடு வளர்ப்பறைக்குள் கால் வைத்த இயக்குநரையே "வெளியே போங்க சார், அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பியவள். ஆனால் காரணம் இல்லாமல் அவள் ஒருநாளும் கத்தியதில்லை. இதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

துறைத் தலைவரும் அவள் சேர்ந்த வருடம்தான் சேர்ந்தார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். அதனால் ஆகட்டும் சார். ஒரு காலத்தில் அவர் இப்படி இல்லை. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லென்ஸ் வைத்து முட்டை எண்ணுவார். ஒரு தடவை தண்ணீர்த் தட்டில் நாலு புழு கூடுதலாகச் செத்துப்போனதற்கு, ஆறு மாத வேலையை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்கிய மனுஷன். அந்த மனுஷன் வளர்ப்பறைக்குள் வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது அவருக்கு எல்லாமே அறிக்கைதான், கூட்டம்தான்.

தண்ணீர்த் தட்டு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஏன் அந்தக் குதி குதித்தாள் என்று புரியாது. இந்தத் தடவை சோதித்தது ஒரு பூஞ்சையிலிருந்து செய்த புது மருந்து. நாலு தட்டு. மூன்றில் மருந்து, கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்று. நாலாவதில் வெறும் தண்ணீர். மருந்துத் தட்டில் புழு சாக வேண்டும், தண்ணீர்த் தட்டில் பிழைக்க வேண்டும். தண்ணீர்த் தட்டிலும் சாகிறது என்றால் வேறு ஏதோ கொல்கிறது என்று அர்த்தம். அப்புறம் மருந்துத் தட்டில் செத்ததையும் மருந்தின் கணக்கில் எழுத முடியாது. சோதனையே செல்லாது.

சனிக்கிழமை காலையில் அவள் தண்ணீர்த் தட்டைத் திறந்தபோது பன்னிரண்டு குழிகளில் புழு மூடியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் தோல் கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் கஞ்சி மாதிரி வழிந்தது. ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பளபளவென்று மணிமணியாக, வைரஸ் பொதிந்த உருண்டைகள். வளர்ப்பறைக்குள் நோய் வந்துவிட்டது. எந்த முட்டைத் துணியில் வந்ததோ, எவன் சட்டையில் வந்ததோ.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. நடைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன அறையில், புழுக்கள் செடியை மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சின்னப் பிரிவை நிஜ இலை கொடுத்து வளர்த்து வந்தாள். அறுபத்து மூன்று கிண்ணம், கிண்ணத்துக்கு ஒன்று. அதில் மூன்றை நசுக்கிப் பார்த்தாள், சுத்தம். ஆகவே என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய அறையில் உள்ளதையெல்லாம் ஆவியில் வேகவைத்து அழித்துவிட்டு, மிச்சமுள்ள இந்த அறுபதிலிருந்து வம்சத்தை மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை தினமும் முதலில் சுத்தமான அறை, பிறகு நோய் அறை. அங்கே போன கை அன்றைக்கு இங்கே வரக் கூடாது. சின்ன அறைக் கதவில் 'யாரும் உள்ளே வராதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். பதிவேட்டில் 'தண்ணீர்த் தட்டு: பன்னிரண்டு சாவு, வைரஸ்' என்று எழுதினாள். நேரே போய்த் துறைத் தலைவரிடம் சொன்னாள்.

"சார், சோதனையை நிறுத்துங்க. தண்ணித் தட்டுல பன்னெண்டு போச்சு. நோய் வந்திருக்கு."

"வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருதேம்மா."

"வரட்டும். நோய்னு சொல்லுங்க. சின்ன ரூம்ல இருக்கறது சுத்தமா இருக்கு, அதுலேர்ந்து ஆறு மாசத்துல பழையபடி கொண்டுவந்துடுவேன்."

"ஆகட்டும், ஆகட்டும். திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இலை போட்டுவிட்டு, பெரிய அறையில் மருந்துத் தட்டுகளையும் பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை வழக்கம்போல முதலில் சின்ன அறை. மூடி போட்ட குவளையில் இருக்கும் இடுக்கி கொதிக்கவைத்த இடுக்கி, அது அங்கே சட்டம். அதை எடுத்து அறுபது கிண்ணத்துக்கும் புது இலை வைத்தாள். புழு பழைய இலைக்கடியில் ஒளிந்து கிடக்கும் என்பதால் எதையும் கிளறிப் பார்க்கவில்லை. கையைக் கழுவி, கோட்டை மாற்றிக்கொண்டு பெரிய அறைக்குப் போய்த் தண்ணீர்த் தட்டைத் திறந்தாள். முப்பத்திரண்டு குழியிலும் முப்பத்திரண்டு புழு. எல்லாம் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தன.

தனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பயந்தே போனாள். பதிவேட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்தில் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. லென்ஸை எடுத்துக் குழி குழியாகப் பார்த்தாள். இருபது குழியில் புழுவின் எச்சம் பழுப்பாக இருந்தது. பன்னிரண்டு குழியில் பச்சை. கடலைமாவுக் களி தின்ற புழு பச்சையாகப் போடாது. இலை தின்றதுதான் போடும். அந்தக் கட்டடத்தில் இலை தின்கிற புழு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

ஓடிப்போய் வாட்ச்மேனைப் பிடித்தாள். "நேத்து யாருண்ணே வந்தது?"

"ஆகட்டும் சார்தாம்மா. மூணு மணிக்கு வந்தாரு. ஒரு அரைமணி நேரம் இருந்திருப்பாரு. புழுவைப் பார்த்து ரொம்ப நாளாச்சுன்னாரு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு."

அவள் துறைத் தலைவர் அறைக் கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

"பன்னெண்டு புழுவை மாத்தி வெச்சீங்களா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்தாதீங்கம்மா. உட்காருங்க."

"மாத்தி வெச்சீங்களா இல்லையா?"

"பன்னெண்டு புழுவுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க? குழு வர நேரத்துல சோதனை செல்லாதுன்னு சொன்னா துறையையே மூடிப் பக்கத்துத் துறையோட சேர்த்துடுவாங்க. முப்பது பேர் இருக்கோம். மருந்து நல்ல மருந்துதான், எனக்குத் தெரியும். எப்படியும் மறுபடி சோதிக்கத்தானே போறோம்."

"நல்ல மருந்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க கனவுல வந்து சொல்லிச்சா? அந்தத் தட்டுல செத்ததெல்லாம் வைரஸ்ல செத்ததா மருந்துல செத்ததான்னு உங்களால சொல்ல முடியுமா?" என்றவள், சட்டென்று நின்றாள். கோபத்தில் அதுவரை தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது. "சார். செத்த புழுவை எதால எடுத்தீங்க?"

"இடுக்கியாலதான்."

"அதே இடுக்கியோடவா சின்ன ரூமுக்குப் போனீங்க?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த இடுக்கியை எங்கே வெச்சீங்க?"

"குவளையிலதான். அங்கே இருந்த குவளையில போட்டு மூடி வெச்சேன். கண்ட இடத்துல போடலை" என்று சொல்லும்போதே அவர் முகம் மாறியது. என்ன இருந்தாலும் புழு பார்த்த மனுஷன். தான் செய்தது என்னவென்று அவருக்கு அந்த நொடியில் உறைத்திருக்க வேண்டும். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குவளையிலிருந்து எடுத்த இடுக்கியால்தான் ஒரு மணி நேரம் முன்னால் அவள் அறுபது கிண்ணத்துக்கும் இலை வைத்தாள். பத்தொன்பது வருடம் முட்டை முட்டையாகக் கழுவிக் காப்பாற்றிய வம்சத்துக்கு, அவள் கையாலேயே நோயை ஊட்டவைத்துவிட்டான் பாவி.

"அழியப்போகுது சார்" என்றாள். "எல்லாம் அழியப்போகுது. நீங்க பொய் எழுதினதைக்கூட விடுங்க. அந்தப் பன்னெண்டை எடுக்க உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா? கதவுல எழுதி ஒட்டியிருந்தேனே, கண்ணு என்ன பொட்டையா?"

பெரிய அறைக்குத் திரும்பிப் பதிவேட்டை எடுத்துவந்து, அவர் மேஜைமேலேயே வைத்து எழுதினாள்: 'திங்கள். தண்ணீர்த் தட்டில் பன்னிரண்டு குழியில் பச்சை எச்சம். இலைப் பிரிவிலிருந்து துறைத் தலைவர் ஞாயிறன்று மாற்றி வைத்தவை.'

"அதை எழுதாதீங்கம்மா. சொல்றதைக் கேளுங்க" என்று அவர் பதிவேட்டின்மேல் கை வைத்தார். "நோய் வந்தது உங்க ரூம்ல. யார் பொறுப்புன்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. புழுவே இல்லைன்னா புழு வளர்க்கறவங்க எதுக்குன்னும் கேப்பாங்க."

"கேக்கட்டும். அறிக்கை உங்களது, என்ன வேணா எழுதிக்கோங்க. பதிவேடு என்னோடது. கையை எடுங்க."

அவர் கையை எடுத்தார்.

வீட்டில் அன்றைக்குப் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் கணவர் சமையலறை வாசலோடு நின்றுகொண்டார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பன்னெண்டை நீ பார்க்கலைன்னே வெச்சுக்கோயேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"பார்த்துட்டேனே."

"வேலை போயிட்டா?"

"போகட்டும். நாளைக்கு அந்த மருந்தை நம்பி ஒருத்தன் வாங்கி அடிப்பான். காய் பூரா ஓட்டை விழுந்த பிறகு அவன் யார்கிட்டப் போய்க் கேப்பான்? வைரஸ் கிட்டயா?"

"இல்ல, வேலை போறதுக்காகச் சொல்லலை. நீ பகல் முழுக்க வீட்டுல இருந்தா நாங்க எங்கே போறதுன்னுதான் யோசிக்கறேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்குக் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். அது சுவரில் பட்டது, அவர் மேல் படவில்லை.

செவ்வாயன்று கிண்ணங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை தப்பித்துவிடுமோ என்று பாழாய்ப்போன மனசு ஆசைப்பட்டது. புதன்கிழமை சிலது இலையைத் தொடாமல் சோர்ந்து கிடந்தன. வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தாள். பதினொரு கிண்ணத்தில் புழு மூடியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் பிழைத்தாலும் பிரயோஜனமில்லை. நோயை உள்ளே வைத்துக்கொண்டு வளர்ந்து, முட்டையோடு பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடும். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினாள். அந்த வார்த்தைகள் அச்சில் ஏறக் கூடியவை அல்ல. திட்டி முடித்துவிட்டு எழுந்து போய், ஆளுயர குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவுக்குத் தண்ணீர் ஊற்றிச் சூடேற்றினாள். பெரிய அறைத் தட்டுகளையெல்லாம் தானே தூக்கி வந்து முதல் சுற்றில் வேகவைத்தாள்.

பத்து மணிக்குக் குழு வந்தது, மூன்று பேர். துறைத் தலைவர் டை கட்டிக்கொண்டு சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தார். 'தண்ணீர்த் தட்டு: முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டும் உயிருடன்' என்ற வரி வந்த நேரத்தில் புழுக்காரம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பதிவேட்டை விரித்துக் குழுத் தலைவியின் முன்னால் வைத்தாள். நரைத்த தலையோடு இருந்த அந்த அம்மா சனிக்கிழமையைப் படித்தார், திங்கட்கிழமையைப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "இது நிஜமா சார்?" என்று கேட்டார்.

துறைத் தலைவர் மென்று முழுங்கினார். "அது வந்து... ஒரு சின்னத் திருத்தம்... நேரம் இல்லாததால..."

"திருத்தமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. "நாலு புழு செத்ததுக்கு ஆறு மாச வேலையைக் குப்பையில போட்டீங்களே சார், அப்போ உங்களுக்கு இந்தத் திருத்தம் தெரியாதா? அன்னைக்கு நான் உங்களை எவ்வளவு மதிச்சேன் தெரியுமா? வாங்க. உங்க திருத்தத்தை வந்து பாருங்க. எல்லாரும் வாங்க."

அவர்கள் வந்தார்கள். சின்ன அறைக்குள் அவர் ஒருவரை மட்டும் விட்டாள். குழுவை நடையில் நிறுத்திக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னாள். அவர் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்காமல், "நல்லா இருக்கறதை மட்டும் ஒரு அஞ்சாறு பிரிச்சு வெச்சா..." என்று ஆரம்பித்தார்.

"முடியாதுன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். எடுங்க. நீங்களே எடுத்துக் கொண்டுபோய் உள்ளே வைங்க. நான் தொட மாட்டேன்."

அவர் எடுத்தார். நாலு நாலு கிண்ணமாக, டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடையில் நின்ற மூன்று பேரையும் தாண்டிப் பதினைந்து நடை நடந்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்று எண்ணினாள். அறுபதும் உள்ளே போன பிறகு மூடியை மட்டும் அவள் போட்டாள். மூடியின் திருகாணியை இறுக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் அவர்மேலேயே கோபப்பட்டாள்.

மருந்தை வெளியே விடக் கூடாது, வேறு இடத்திலிருந்து புதுப் புழு கொண்டுவந்து வளர்த்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று குழு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. துறையை யாரும் மூடவில்லை. மூடிவிடுவார்கள், மூடிவிடுவார்கள் என்று அவர் பயந்ததெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் நடந்தது. அவருக்கு ஒரு வார்த்தை கண்டனம்கூட வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. புழுக்காரம்மாவுக்கு. இருநூற்று எட்டு தலைமுறை வளர்ப்பு அழிந்துபோனதற்கு வளர்ப்பாளரின் கவனக்குறைவு காரணமா என்று மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். கீழே கையெழுத்து துறைத் தலைவருடையது.

அவள் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் நின்றபடியே ஒரு தாள் வாங்கி எழுதினாள்.

'ஆமாம், என் கவனக்குறைவுதான் காரணம். பத்தொன்பது வருடமாகப் புழுக்களை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். துறைத் தலைவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.'

கிளார்க் அதை இரண்டு தடவை படித்தார். வாயைப் பொத்திக்கொண்டு துறைத் தலைவர் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதை இப்படியே வாங்கிக்கவாம்மா?" என்று கேட்டார்.

"வாங்கிக்கிட்டதா எனக்கு ஒரு காப்பியில சீல் குத்துங்க" என்றாள்.